நூற்று இருபத்தெட்டு ராத்தல் மணல்

சேலம் ஜங்ஷனை ஒட்டிய சூரமங்கலத்தில், குழாயடியில் ஒரு குடம் தண்ணீருக்குக் குடுமிப்பிடிச் சண்டை போடும் ஜனங்களுக்கு நடுவே, சொந்தமாகப் படகு வைத்திருந்த ஒரே மனிதர் சூசைமாணிக்கம். ரயில்வேயில் தச்சர். பெட்டிகளின் உடைந்த இருக்கைப் பலகையும் கதவும் அவர் கைக்கு வந்து திருந்திப் போகும். ஊர் அவரைத் தச்சர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘படகுக்காரர்’ என்றுதான் சொல்லும், அதுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவர் சைக்கிளில் போனால், “என்னங்க சூசை, ஜங்ஷனுக்கு எப்பத் தண்ணி வருது?” என்று கேட்க ஒருவராவது தெருவில் இருப்பார். அவரும் கோபிக்க மாட்டார். கேட்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை, பாவம்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன படகு அது. மரச்சட்டத்தின் மேல் கித்தானைப் போர்த்தி இழுத்துக் கட்டியது. பிரித்தால் இரண்டு மூட்டை, பூட்டினால் பதினேழடி நீளம். இடுப்பளவுக்குக் குறுகலாக, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் கால் நீட்டி உட்கார வேண்டும். துடுப்புக்கு இரண்டு முனையிலும் இலை. ஒடிந்திருந்த சட்டங்களைச் சூசை சரிசெய்து கொடுத்தபோது, “நீயே வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டுத் துரை ரயிலேறிவிட்டார். அன்று அந்த மனிதர் அதைக் கையோடு கொண்டுபோயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

படகுக்கு ஒரு ஏரி வேண்டும். பனமரத்துப்பட்டி ஏரி இருந்தது. சேலத்துக்கே குடிதண்ணீர் போகிற ஏரி என்பதால் காவல்காரர் செங்கோடன் லேசில் விடவில்லை. சூசை மேலதிகாரி ஒருவரிடம் கடிதம் வாங்கி வந்து காட்டிய பிறகும், “ஊரே குடிக்கிற தண்ணிங்க. காலைக் கழுவிட்டு ஏறுங்க” என்று கரையில் ஒரு குடம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சூசை எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்து, கால் கழுவி, படகேறுவார். படகு செங்கோடனின் கொட்டகையிலேயே இருந்தது.

முன் இருக்கை எட்டு வருஷம் காலியாகவே கிடந்தது. 1955-ல்தான் அதற்கு ஆள் வந்தது. அர்த்தநாரி, ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், எருமப்பட்டிக்காரன். சூசையைவிடப் பத்து வயது இளையவன். மெலிந்த உடம்பு, தோளில் மட்டும் நல்ல வலு. கிணற்றில் நீச்சல் கற்றவன். அந்தப் பக்கத்து ஆள்கள் எல்லோருமே அப்படித்தான். ஐம்பதடி ஆழமுள்ள வயல் கிணற்றில் மேலேயிருந்து குதிப்பார்கள், நாலு கை போட்டால் படிக்கட்டு. நீச்சல் என்றால் பக்கத்தில் இருக்கும் கரைக்குப் போய்ச் சேருவது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். சூசைக்கும் அதுதான் தெரியும்.

முன்னால் இருப்பவன் போடுகிற வீச்சுக்குப் பின்னால் இருப்பவன் வீச்சு ஒத்துப்போக வேண்டும். ஆனால் காலால் சுக்கானைத் திருப்புவதும் கட்டளை சொல்வதும் பின்னால் இருப்பவர். மூன்று வருஷ ஞாயிறுகளில் சூசை பார்த்ததெல்லாம் அர்த்தநாரியின் முதுகுதான். பிடரிக்குக் கீழே ஒரு தீத்தழும்பு. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் உயரம். என்ன சொன்னாலும் அந்த முதுகிலிருந்து ஒரே பதில்தான் வரும்: “ஆகட்டுங்கண்ணா.” இன்னும் அழுத்து என்றால் ஆகட்டுங்கண்ணா. இடது பக்கம் சாயாதே என்றால் ஆகட்டுங்கண்ணா. சண்டைக்கு இழுத்தாலும் அதேதான். சூசை சில நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கும் ஆகட்டுங்கண்ணா.

ஆடி மாதம் ஏரியில் காற்று பேயாட்டம் ஆடும். கரையில் நிற்பவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்று சூசை நினைத்தார். படகு அடிக்கடி கவிழும். முதல் வருஷமே கவிழ்ந்த படகுக்குள் சுக்கான் கயிற்றில் கால் சிக்கி அவர் ஒரு மடக்கு ஏரியைக் குடித்திருந்தார். அதனால் ஒரு சட்டம் போட்டார்: “கவுந்தா படகை விடு. கரையைப் பாத்து நீந்து.” ஏரிக்கு அது நியாயமான சட்டம்தான். எங்கே கவிழ்ந்தாலும் கரை கூப்பிடு தூரம். விட்ட படகைக் காற்றே கொண்டுவந்து ஒதுக்கிவிடும், சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம். நூறு தடவையாவது கவிழ்ந்து, நூறு தடவையும் அர்த்தநாரி படகை விட்டு நீந்தினான். மூளைக்குப் போகாமல் கைகாலுக்கே நேராகப் போய்ச் சேரும்படி அந்தச் சொல்லைச் சூசை பழக்கிவைத்தார். நல்ல வாத்தியார்தான்.

கடலூரில் துறைமுகத்துக்காரர்கள் நடத்தும் துடுப்புப் போட்டி பற்றி ரயில்வே மனமகிழ் மன்றத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆகஸ்ட் பதினைந்து. சுதந்திர தினம், சூசைக்கு மாதா திருநாளும் கூட. ஆற்று முகத்திலிருந்து கிளம்பி, கடலுக்குள் ஒன்றரை மைலில் இருக்கும் மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். பனமரத்துப்பட்டி ஏரிக்காரர்கள் முதலில் 1957-ல் போனார்கள். எல்லாரும் கரையேறித் தலை துவட்டிய பிறகு வந்து சேர்ந்தார்கள். சிரிப்பு சூசைக்குப் பழக்கம், அர்த்தநாரிக்கு ரோஷம். “அடுத்த வருசம் ஜெயிச்சுப் போடலாங்கண்ணா” என்றான். ஆகட்டும் என்பதைத் தவிர அவன் தானாகச் சொன்ன வார்த்தைகளில் இது ஒன்று.

அடுத்து வந்த தையில் அவனுக்குக் கல்யாணம். பெண் பெருமாயி, பக்கத்து ஊர்தான். ஆகஸ்டில் இரண்டாவது போட்டிக்குக் கிளம்பும் அன்று ஜங்ஷனுக்கு வந்து, கட்டுச்சோற்றைச் சூசையின் மனைவி மரியபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு, தன் புருஷனை ஓரமாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசினாள். படகு மூட்டைகளைக் கார்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த சூசைக்கு அது காதில் விழவில்லை.

அன்று கடலூரில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசியது. அங்கே அதைக் கச்சான் என்பார்கள். கரையோரத்தில் தண்ணீரைப் பார்த்தால் ஏரி தோற்றுவிடும், அவ்வளவு சமம். உள்ளே போகப் போகத்தான் அதன் குணம் தெரியும். இவர்கள் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு பறந்தார்கள். மிதவையை முதலில் தொட்டவர்கள் சேலத்துக்காரர்கள். ஜெயித்துவிட்டோம் என்றே சூசை நினைத்தார். திரும்பும்போது படகு காற்றுக்குப் பக்கவாட்டில் வந்தது, ஓர் அலை தூக்கியது, கவிழ்ந்தது.

தலை மேலே வந்ததும் சூசை கத்தினார். யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை, மூன்று வருஷம் பழகிய வாய் தானே கத்திற்று: “படகை விடு! கரையைப் பாரு!”

அர்த்தநாரியின் ஒரு கை படகின் மேல்தான் இருந்தது. அவன் அதை எடுத்தான். “ஆகட்டுங்கண்ணா” என்றான். திரும்பி, தெரிந்த கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கினான்.

சூசையும் விட்டிருப்பார். முடியவில்லை. கால் உள்ளே கயிற்றில் சிக்கியிருந்தது. இழுத்தார், வரவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறியதால், அதுவும் வேறு வழியில்லாமல் மீறியதால், அவர் பிழைத்தார். காற்று படகையும் அவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று. அர்த்தநாரியின் தலை கரைப்பக்கம் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் அலை தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கட்டுமரக்காரர்கள் வந்து கயிற்றை அறுத்து அவரை எடுத்தார்கள். அவர்களில் ஒருவர், காதோரம் நரைத்தவர், நம்ப முடியாமல் கேட்டார்: “படகை ஏன்யா உட்டான்? கடல்ல மரத்தை உடலாமா? எதிர்க்காத்துல எவன்யா நீந்துவான்?”

“தெரியல” என்றார் சூசை. அவர் சொன்ன முதல் பொய் அது.

இரண்டாவது பொய்யை எருமப்பட்டியில் சொன்னார். நாலு நாள் தேடியும் உடல் கிடைக்காமல் வெறுங்கையோடு போய் நின்றபோது, பெருமாயி அழவில்லை. “கடைசியா என்ன சொன்னாருங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“பெருமாயியைப் பாத்துக்கங்கண்ணான்னான், அம்மிணி.”

“அவரு எம்பேரைச் சொன்னதே இல்லீங்களே” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அடுப்பில் வைத்ததைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

உடல் கிடைக்காதவர்களுக்குப் புல்லில் உருவம் கட்டிக் காரியம் செய்கிற வழக்கம் உண்டு. அர்த்தநாரியின் சித்தப்பா சின்னண்ணன் மூன்றாம் மாதமே அதற்கு நாள் பார்த்தார். பெருமாயி ஒத்துக்கொள்ளவில்லை. “கடைசி வார்த்தை தெரியாம எப்படிங்க அனுப்பறது?” என்றாள். பொட்டு, தாலி எல்லாம் அப்படியே இருந்தன. ஊர் பேசிற்று, அலுத்துப்போய் விட்டுவிட்டது. சூசை ஒவ்வொரு தைக்கும் ஆடிக்கும் பார்க்கப் போவார். ஒவ்வொரு முறையும் காப்பி வரும், பிறகு அந்தக் கேள்வி வரும். அவர் அதே பொய்யைச் சொல்வார். “வேற ஒண்ணும் சொல்லலீங்களா?” என்பாள். இல்லை என்பார். ஐந்து வருஷம் இப்படி.

பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தார். மனதறியாமல் செய்தது பாவமாகாது என்று அவர் பரிகாரமாகப் பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவைத்தார். சாமியார் நல்லவர். ஆனால் கேட்கவேண்டிய ஆள் அவரில்லை என்று வெளியே வந்து செருப்பைப் போடும்போதே சூசைக்குத் தெரிந்துவிட்டது.

படகை எரித்துவிடச் சொன்னாள் மரியபுஷ்பம். “தூக்கத்துல விடு விடுன்னு கத்தறீங்க. எதை விடச் சொல்றீங்க? அதைத்தான் முதல்ல விட்டுத் தொலைங்களேன்” என்றாள். அவர் கேட்கவில்லை. கிழிந்த கித்தானைத் தைத்து மறுபடி ஏரிக்குப் போனார். முன்னால் ஆள் இல்லாத படகு ஆடிக்காற்றில் மூக்கைத் தூக்கிக்கொண்டு சுழன்றது. அர்த்தநாரி வருவதற்கு முந்திய எட்டு வருஷமும் அப்படித்தான் சுழன்றிருக்கும். அப்போது அது அவருக்கு உறைத்ததில்லை, இப்போது பொறுக்கவில்லை. போட்டிக்கு முன் இருவரும் பார்சல் ஆபீஸ் தராசில் ஏறி நின்று எடை பார்த்தது நினைவிருந்தது. அர்த்தநாரி நூற்று இருபத்தெட்டு ராத்தல். அதே தராசில் ஒரு கித்தான் பையை வைத்து, ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த மணலைக் கைகையாக அள்ளிப் போட்டு, முள் சரியாக அங்கே வந்து நின்றதும் வாயைத் தைத்தார். முன் இருக்கையில் வைத்துக் கட்டினார். படகு அடங்கிவிட்டது.

அடங்கியது படகு மட்டும்தான். ஒருநாள் கரையேறும்போது செங்கோடன் கேட்டார், “கூட வந்தவரு எங்கீங்க?”

“யாரும் வரலையே.”

“அட, இப்பத்தானுங்க பாத்தேன். நடு ஏரியில ரெண்டு பேரும் ஒண்ணாத் துடுப்புப் போட்டுட்டுப் போனீங்க.” பிறகு படகுக்குள் இருந்த பையைப் பார்த்தார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கால் கழுவச் சொல்லவே இல்லை.

சூசைக்கும் அது தெரியாமல் இல்லை. காற்று ஏறினால் தன் துடுப்புச் சத்தத்துக்கு அரை நொடி முன்னால் இன்னொரு சத்தம் கேட்கும், முன்னிருப்பவன் முதலில் போடுகிற மாதிரி. அர்த்தநாரியின் முகம் அவருக்கு மறந்துவிட்டது. முதுகு மறக்கவில்லை. ஈரம் ஏறிய பையில் பிடரி இருக்க வேண்டிய இடத்தில் கறை ஒன்று காய்ந்து தெரிந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிட, அது பேசாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. “கொஞ்சம் அழுத்து” என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பதில் வராதா என்று காத்திருந்தார்.

அவருக்கு ஒரே ஓர் ஊன்றுகோல் இருந்தது. படகைப் பிடித்திருந்தாலும் அர்த்தநாரி பிழைத்திருக்க மாட்டான், இரண்டு ஆளை அந்தப் படகு தாங்கியிருக்காது, கடல் எடுப்பதை எடுத்தே தீரும். இந்த நினைப்பில்தான் அவர் சாப்பிட்டார், வேலைக்குப் போனார். அது உண்மையா என்று தெரிந்துகொள்ளப் பயந்தார். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. 1963 ஆகஸ்டில், மரியபுஷ்பத்திடம் மாதாவுக்கு நேர்ச்சை என்று சொல்லிவிட்டு, படகையும் பையையும் ஏற்றிக்கொண்டு கடலூருக்கு ரயில் ஏறினார்.

இரண்டு ஆள் படகில் ஒரு ஆள் போட்டியிட முடியாது என்றார்கள். கணக்கில் சேர்க்க வேண்டாம், கடைசியில் கிளம்புகிறேன் என்றார். மணல் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். கச்சான்தான் அடித்தது. நாற்பத்தைந்து வயது உடம்பை வைத்துக்கொண்டு, காற்று முதுகில் தள்ள, முன்னால் போன படகுகளில் இரண்டைத் தாண்டினார். அந்த அரை மணி நேரம் அவர் எல்லாவற்றையும் மறந்து துடுப்புப் போட்டார். அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டார். மிதவையைச் சுற்றியதும் படகைக் காற்றுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினார். அலை வந்தது, கவிழ்ந்தது.

இந்த முறை கால் கயிற்றில் சிக்கவில்லை. வாய் திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். படகின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மூக்கிலும் வாலிலும் அவர் 1956-லேயே காற்றடித்துத் திணித்துவைத்திருந்த லாரி டியூப்கள் படகை மிதக்க வைத்திருந்தன. முன் இருக்கையில் கட்டிய பை தண்ணீருக்கடியில் தொங்கிற்று. படகு கொஞ்சம் தாழ்ந்தது. முழுகவில்லை. ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. முழுகவே இல்லை.

கட்டுமரம் வந்தது. வந்தவர்களில் காதோரம் நரைத்தவரும் இருந்தார். இப்போது தலை முழுக்க வெள்ளை. அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. படகை நிமிர்த்தி, முன்னால் கட்டியிருந்ததைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “இன்னாயா இது, மண்ணா? கையும் காலும் இல்லாத மண்ணே பத்திரமா வந்துருச்சே!”

சூசை கட்டுமரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதார். ஐந்து வருஷத்து அழுகை. அவர்கள் பயத்தில் அழுகிறார் என்று நினைத்துத் தலையைத் தட்டிக்கொடுத்தார்கள்.

சேலத்தில் இறங்கிப் படகு மூட்டைகளை வேலையிடத்தில் போட்டார். பையை மட்டும் நாமக்கல் பஸ்ஸின் மேல் ஏற்றினார். “எருமப்பட்டியில மண்ணே இல்லைன்னுட்டாங்களா?” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸிலிருந்து ஒரு மாட்டுவண்டியில் பையை ஏற்றி வந்து வரப்போரம் இறக்கியபோது, பெருமாயி கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். “வாங்கண்ணா. ஊட்டுக்குப் போலாம், காப்பி வெக்கிறேன்” என்றாள்.

“காப்பி வேண்டாம் அம்மிணி. நீ கேக்கறதைக் கேளு.”

அவள் அவரையே பார்த்தாள். “கடைசியா என்ன சொன்னாருங்க?”

“நான் சொன்னதைத்தான் முதல்ல சொல்லணும்” என்றார் சூசை. “படகை விடுன்னு நான்தான் கத்தினேன். ஏரியில பழகின மாதிரியே. அவன் படகைப் பிடிச்சிருந்தான் அம்மிணி. கையை எடுத்துட்டு, ஆகட்டுங்கண்ணான்னான். அதுதான் கடைசி. பிடிச்சிருந்தா இன்னிக்கு இருப்பான். நேத்துக் கடல்ல போய்ப் பாத்துட்டேன். நான்தான் கொன்னுட்டேன்.”

அவள் திட்டுவாள், களைக்கொத்தை எடுப்பாள், இரண்டில் ஒன்று நடக்கும் என்று நின்றார். நடந்தால் தேவலை என்றும் இருந்தது. பெருமாயி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னிக்கு டேசன்ல அவரை ஓரமாக் கூப்பிட்டேனுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? கடலைப் பாத்ததில்ல, எனக்குப் பயம். ‘நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க, எது ஆனாலும் அண்ணன் சொல்றதைக் கேளுங்க’ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேனுங்க. அதுக்கும் ஆகட்டும்னுதான் சொன்னாரு.” முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “கேட்டாரா கேக்கலையான்னு தெரியாமத்தானுங்க இத்தனை வருசம் உங்களைக் கேட்டுட்டே இருந்தேன். கேட்டுத்தான் போயிருக்காரு.”

சூசை வரப்பின் மறுமுனையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெயில் சாய்ந்து காற்று ஏறிய பிறகுதான் அவள், “அந்தப் பையில என்னங்க?” என்றாள். சொன்னார். எடையையும் சொன்னார். எழுந்து போய்ப் பையின் மேல் கை வைத்துப் பார்த்தாள். பிடரி இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் கை கொஞ்ச நேரம் நின்றது.

“புல்லுல செய்ய வேண்டாம்” என்றாள் சின்னண்ணனிடம் மறுநாள். அவர் வழக்கமில்லை என்று முனகினார், பிறகு ஒத்துக்கொண்டார். பையைக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, மூங்கிலில் கட்டினார்கள். தூக்க ஆள் கேட்டபோது சூசை பின்பக்கம் போகாமல் முன்னால் வந்து தோள் கொடுத்தார். பெருமாயி பொட்டை அழித்துக்கொண்டு கிட்டே வந்து, பையின் மேல் குனிந்து, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“போங்க. இனி யாரு சொல்றதையும் கேக்க வேண்டாம்.”

தூக்கினார்கள்.